அவன் பெயரில் ஒரு நோன்பு

கை நடுங்கவில்லை. முருங்கைக் கொத்துதான் ஆடுகிறது. கொல்லை வாசல் திறந்து கிடக்கிறது, கடல் காற்று வருகிறது, அதில் ஆடுகிறது. காற்று எங்கே வருகிறது, கொடியில் காயப்போட்ட என் துப்பட்டி அசையாமல் தொங்குகிறதே. சரி, கைதான். நடுங்கினால் என்ன, இத்தனை வருஷம் அம்மி அரைத்த கை, நடுங்குவதற்கு அதற்கு உரிமை இல்லையா. இலையை உருவு, காம்பைப் போடு. இது இலை, இது காம்பு. அஸர் தொழுது பாயைச் சுருட்டியாயிற்று, இனி பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்கிற வரைக்கும் தாங்கினால் போதும், இன்றைய நோன்பு பாஸித்தின் கணக்கில் சேர்ந்துவிடும். என் கணக்கில் வேண்டாம். என் கணக்கை நான் போய்ப் பேசிக்கொள்வேன், எனக்கு வாய் இருக்கிறது. அவன் வாயில்லாப் பிள்ளை. என் மகன், தலைச்சன், இந்த ரஜபு மாதம் மவுத்தாகிவிட்டான், ரமலான் பிறையைக்கூடப் பார்க்கவில்லை. பெண் பேசிக்கொண்டிருந்தோம். பெண் வீட்டில் அவனுக்குச் சுகர் இருப்பதைச் சொல்வதா வேண்டாமா என்று நானும் என் மகள் சுமையாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், அந்தச் சண்டை அப்படியே நிற்கிறது, முடித்துவைக்க ஆள் இல்லை. இது இலை. இது காம்பு. காம்பையா சட்டியில் போட்டேன்? போட்டிருக்கிறேன். எடு.

தெருவில் இது ஆறு நோன்பு வைக்கிற மாதம். பெருநாள் கழிந்த கையோடு பெண்கள் விட்டுப்போன நோன்பையும் வைத்து, ஆறையும் வைத்து, நன்மையை மூட்டை கட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி புகுந்துகொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது. சுமையாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவாள். ரமலானில் ஒரு நோன்புகூட வைக்கவிடவில்லை, டாக்டரம்மா கூடாது என்றுவிட்டார்களாம், காலையில் தட்டோடு வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வாள், நான் விழுங்குகிறேனா என்று தொண்டையையே பார்ப்பாள். இப்போது கைக்குழந்தை வந்துவிட்டதால் பார்வை அந்தப் பக்கம் போய்விட்டது. நான் தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போகிறேன், கோழிகள் ஓடி வருகின்றன. இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பெருநாள் கொண்டாடுவது கோழிகள்தான். உம்மா சாப்பிட்டியா என்று மாடியிலிருந்து கேட்பாள். ஆச்சு என்பேன். தட்டு ஆச்சு, அது பொய் இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நேரடியாகக் கேட்கவில்லை, யாருக்கோ கேட்கிற மாதிரி ஆள் விட்டுக் கேட்டேன். தீராத நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, நோன்புக்கு ஓர் ஏழை வீதம் சோறு கொடுத்தால் நிறைந்துவிடும் என்று சொல்லியனுப்பினார். சோறு கொடுத்தோம். அரிசி மூட்டையே இறக்கினோம். எனக்குத்தான் நிறையவில்லை. அரிசியை அல்லா ஏற்றுக்கொண்டிருப்பான், அவன் பெரியவன். நான் சிறியவள், எனக்கு வயிறு காயவேண்டும்.

எனக்கும் சுகர் உண்டு. அது வயசானால் எல்லாருக்கும் வருகிற மாத்திரைச் சுகர், தெருவுக்குப் பாதிப் பேருக்கு இருக்கிறது, கல்யாண வீட்டில் கூடினால் நகையைப் பற்றிப் பேசியதுபோக இதைத்தான் பேசுகிறோம். உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு. வெந்தயம் ஊறவை, பாகற்காயைப் பிழி, கோவைக்காயைப் பச்சையாகக் கடி. சுகர் என்று வாயைத் திறந்தால் போதும், ஊரெல்லாம் வைத்தியர். அத்தனையும் சொல்லிவிட்டு இனிக்க இனிக்க ஒரு துண்டு வட்டிலாப்பத்தைக் கையில் எடுத்து, கொஞ்சம்தானே ஒன்றும் செய்யாது என்று ஊட்டியும் விடுவார்கள். பாஸித்துடையது அப்படி இல்லை. அவனுக்கு ஊசி இல்லாமல் ஒருநாள் ஓடாது. இன்று விடியுமுன் சஹருக்கு எழுந்து, இடியாப்பத்தைத் தண்ணீரில் முக்கி விழுங்கினேன், மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். மாத்திரையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. மாத்திரையை விடாதீங்க, சாப்பாட்டையும் விடாதீங்க என்று டாக்டரம்மா சொன்னார்கள், நான் பாதியைக் கேட்டேன். பாதி கேட்டதே பெரிசு. கழுத்துக்குப் பின்னால் ஈரமாக இருக்கிறது. வேர்வை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு வேர்க்கிற வெயில் ஒன்றும் இல்லை, நிழல் சாய்ந்துவிட்டது, கோழிகள் அடையப் பார்க்கின்றன. இது இலை.

அவனுக்குப் பன்னிரண்டு வயசில் வந்தது. முதல் முதலாக முழு மாதமும் நோன்பு வைக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்த ரமலான். தாகம் உம்மா, தாகம் உம்மா என்பான். நோன்பென்றால் தாகம் எடுக்காமல் என்ன எடுக்கும், பொறுத்துக்கோ வாப்பா, சொர்க்கத்தில் பாலாறு ஓடுது என்பேன். நோன்பு திறந்ததும் சர்பத்தைக் குடம் குடமாகக் குடிப்பான், ராத்திரியெல்லாம் ஒன்றுக்குப் போவான். பிள்ளை மெலிந்துவிட்டதைப் பார்த்துத் தெருப் பெண்கள் நெற்றியை வழித்து முத்தம் கொடுத்தார்கள், நோன்பாளிப் பிள்ளை, முகத்தில் ஒளி பார் என்று. ஒளிதான். கன்ன எலும்பு. கடைசிப் பத்து நாளில் ஒரு ராத்திரி தராவீஹ் தொழுகையில் நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மூச்சில் பழ வாசனை அடித்தது, அழுகின வாழைப்பழ வாசனை, நான் அவன் எதையோ திருடித் தின்றுவிட்டான் என்று நினைத்தேன். யாருக்குத் தெரியும். அந்த வாசனைக்கு அர்த்தம் இருக்கிறதென்று எந்த மதரஸாவில் சொல்லிக்கொடுத்தார்கள். பிழைத்து வந்தான். நர்ஸ் ஒருத்தி எனக்குக் கத்தரிக்காயில் ஊசி குத்திப் பழக்கினாள். அதற்குப் பிறகு நான் கத்தரிக்காய் வாங்குவதையே விட்டுவிட்டேன். தொடையில் ஒருநாள், வயிற்றில் ஒருநாள், இடம் மாற்றி மாற்றி. குத்தும்போது அவன் என் முகத்தைப் பார்ப்பான். வலிக்கிறதா என்று கேட்டால் உனக்கு வலிக்குதா என்று கேட்பான். கொஞ்ச நாளில் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டான், நான் அருகில் நின்று பிஸ்மி சொல்வேன், அவ்வளவுதான் என் வேலை.

அதற்குப் பிறகு நோன்பு கிடையாது. ஊரே பசித்திருக்கிற மாதத்தில் அவன் நேரா நேரத்துக்குத் தின்றாகவேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தின்பான். பார்த்த பையன்கள் நோன்புக்கள்ளன் என்று பெயர் வைத்தார்கள். வயசு ஏறியும் அந்தப் பெயர் போகவில்லை, தாடி முளைத்தவனைக்கூட விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டார்கள், அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒருநாள் நான் கஞ்சி காய்ச்சும்போது பின்னால் வந்து நின்று கேட்டான்.

"உம்மா, நாளைக்கி மவுத்தாகி அங்க போனதும் ஒன் நோன்பெல்லாம் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"எங்க உம்மாக்கிட்ட கேளுங்கன்னு சொல்லு. நான் வச்சுத் தர்றேன்."

"ஒனக்கும் சுகர் வந்துட்டா?"

"வரட்டும். ரெண்டு பேருமா சேந்து மாட்டிக்குவோம்."

சிரித்தோம். கரண்டியால் அவன் தோளில் தட்டினேன். பேச்சுக்குச் சொன்னதுதான், தாய் பிள்ளைக்கு எத்தனையோ பேச்சுக்குச் சொல்வாள், நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்றுகூடச் சொல்வாள். இதை மட்டும் பிடித்துத் தர முடியும் என்று தோன்றிவிட்டது. கபுருக்குள் அவன் தனியாகக் கிடக்கிறான், அவனை அடக்கிய தைக்கால் பக்கம் நான் போனால் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று வெளியே நிறுத்திவிடுகிறார்கள், சோறு ஊட்ட முடியாது, ஊசி போட முடியாது, தலைக்கு எண்ணெய் வைக்க முடியாது. ஒரு தாய் இறந்த பிள்ளைக்கு என்னதான் செய்ய முடியும். இதைச் செய்கிறேன். சட்டியில் பாதிகூட நிறையவில்லை. உதடு மரத்திருக்கிறது. நாக்கால் தொட்டுப் பார்த்தேன், வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்கிறது. நெஞ்சு படபடவென்கிறது. அலமாரியில் அவனுடைய மிஷின் இருக்கிறது, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு வைத்தால் எண் சொல்லிவிடும். குத்தக்கூடாது. ரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடும், எங்கள் உம்மா சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் உம்மா சொல்லியிருப்பார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு சொட்டு ரத்தத்தில் இழப்பதா. இது இலை, இது இலை, இதுவும். எல்லாம் இலையாகத் தெரிகிறது. பச்சையாக ஒரே மொத்தையாக.

பொறு. இது எனக்குத் தெரியும். வேர்வை, நடுக்கம், மரத்த உதடு. உம்மா, கை நடுங்குது, வாய் மரத்துப்போகுது, சீக்கிரம் என்பான். நான் சீனியை அள்ளிக்கொண்டு ஓடுவேன். சுகர் ஏறினால் தாகம், இறங்கினால் நடுக்கம், அவனை வளர்த்தே இரண்டையும் படித்தவள் நான். எத்தனை முறை ஓடியிருப்பேன், ஒருமுறைகூட அது உள்ளே எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை, ஓடுவதற்கே நேரம் சரியாக இருந்தது. இப்படித்தான் இருக்குமா வாப்பா. இதுதானா. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்குமா, காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருக்குமா, கை நம்முடையதாக இல்லாமல் போகுமா. இதை வைத்துக்கொண்டா பள்ளிக்கூடம் போனாய், பரீட்சை எழுதினாய், பந்து விளையாடினாய். எழுந்து சீனி டப்பாவை எடுக்கவேண்டும் என்று புத்தி சொல்கிறது. மெல்லச் சொல்கிறது. அடுத்த வீட்டில் யாரோ யாருக்கோ சொல்கிற மாதிரி. எழுந்தால் இது போய்விடும். இது போனால் நீ போய்விடுவாய். பெற்றதிலிருந்து இவ்வளவு பக்கத்தில் நீ வந்ததில்லை.

பட்டணத்தில், மண்ணடியில் அவனுக்கு ரூம். செல்போன் கடையில் வேலை. கூட இருந்த பையன்கள் எல்லாம் ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், இவன் மட்டும். சாயங்காலம் என்னோடு போனில் பேசினான், பரோட்டா வாங்கி வச்சிருக்கேன், ஊசி போட்டாச்சு, குளிச்சிட்டுச் சாப்பிடணும் என்றான். குளித்தானோ, அசந்து படுத்தானோ. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சுகர் இறங்கிக்கொண்டே போகும். பொட்டலம் பக்கத்தில் கிடந்ததாம். கடையில் வாழையிலையில் மடித்து நூலால் இறுக்கிக் கட்டிய பொட்டலம். பிரிக்கவில்லை. நூல் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு முடிச்சு இன்னும் இறுகியிருந்தது என்று தூக்க வந்தவர்களில் ஒருவர் சொன்னார், அவர் ஏன் அதைச் சொன்னார், சொல்லாமல் இருந்திருக்கலாம். முடிச்சு. நான் பல்லால் கடித்து அறுத்திருப்பேன். இந்த விரலால் நூல் முடிச்சை அவிழ்க்க முடியுமா. முருங்கைக் காம்பையே பிடிக்க முடியவில்லை. சாப்பாடு கைக்கு எட்டுகிற தூரத்தில். நான் போனைக் கொஞ்ச நேரம் கழித்து வைத்திருந்தால். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, அது வழியில்லாத சந்து, போனால் சுவரில்தான் முட்டும், இத்தனை மாதமாக முட்டித்தான் பார்க்கிறேன். யா அல்லா, நீ கொடுத்தாய், நீ எடுத்தாய், எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். சொல்லிவிட்டு உன்னிடம் கோபமாகத்தான் இருக்கிறேன். உனக்குத் தெரியும். தெரிந்தும் தொழவிடுகிறாய்.

இப்படியே சாய்ந்துகொண்டால் என்ன. தரை குளிர்ச்சியாக இருக்கிறது. சட்டி உருண்டுவிட்டது, கீரை எல்லாம் கொட்டிவிட்டது, கோழிக்கு ஆகட்டும். பாங்கு சொன்னால் எழுந்திருப்பேன். பாங்கு சொல்லாவிட்டால். சொல்லாவிட்டாலும் சரிதான். அவன் படுத்த மாதிரியே ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன் போல, அவனும் இப்படித்தான் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சாப்பிடலாம் என்று, கொஞ்ச நேரம்தானே என்று. பயமாக இருந்ததா வாப்பா, இல்லைதானே, இது பயமாக இல்லை, தூக்கம் மாதிரி இருக்கிறது. இல்லை, பயமாக இருக்கிறது. மாடிப்படியில் காலடி கேட்கிறது. அந்தப் பெண் பெயர் என்ன, என் மகள், குழந்தை வைத்திருப்பாளே, வாயில் இருக்கிறது, வெளியே வரவில்லை. அவளைப் பெற்றது மழை நாள், அது ஞாபகம் இருக்கிறது. பெயர் வரவில்லை.

உம்மா என்று ஒரு சத்தம். குழந்தையைத் தரையிலேயே போட்டுவிட்டாள், அது அழுகிறது. என் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், வேர்வையில் அவள் கை வழுக்குகிறது. என்ன சாப்பிட்ட, எப்ப சாப்பிட்ட என்று உலுக்குகிறாள். நோன்பு என்று சொன்னேன் என்று நினைக்கிறேன், வாயிலிருந்து என்ன வந்ததோ. டப்பா உருளும் சத்தம், கரண்டி பல்லில் இடிக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லை இறுக்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம், பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான், இது அவனுடையது, விடு. அவள் விடவில்லை. என் தாடையைப் பிடித்து, மாட்டுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அழுத்திப் பிடித்து, அழுதுகொண்டே பேசினாள்.

"அவனுக்குத்தான் பக்கத்துல யாரும் இல்லாமப் போச்சு. ஒனக்கு நான் இருக்கேன்ல. நான் இருக்கும்போதே போவியா?"

வாயைத் திறந்தேன். சீனி. பல் இடுக்கில், நாக்குக்கு அடியில், கரகரவென்று. தண்ணீர் ஊற்றினாள், பாதி கழுத்தில் வழிந்தது. இன்னொரு கரண்டி. விழுங்கு உம்மா, விழுங்கு. விழுங்கினேன். அப்புறம் என் விரலைப் பிடித்து அவனுடைய மிஷினில் குத்தினாள், எண்ணைப் பார்த்து அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நான் மெதுவாகச் சொன்னேன், ரத்தம் வந்தா நோன்பு முறியும்ல, அதான் குத்திப் பாக்கல. குத்திப் பார்த்தால் முறியாது என்று ஹஜ்ரத் ரமலானுக்கு முன்னாலேயே பள்ளிவாசலில் சொன்னாராம், தெருவுக்கே தெரியுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவளிடம் சுகரைப் பற்றி யார் வந்து பேசுவார்கள். குழந்தையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் அடுக்களைத் தரையில், கீரைக் குப்பைக்கு நடுவில். சுமையா. பெயர் வந்துவிட்டது, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, சுமையா.

எல்லாம் வருகிறது. கொடியில் தொங்குவது என்னுடைய துப்பட்டி, கோழிகள் கூண்டுக்குள் போய்விட்டன, சீனி டப்பா மூடி அடுப்புக்கடியில் கிடக்கிறது. உதடு என்னுடைய உதடாகிவிட்டது. காதிலிருந்த தண்ணீர் வடிந்துவிட்டது. இவ்வளவு லேசாகவா. இரண்டு கரண்டி சீனிக்கு, வாயை நெம்பித் திறக்க ஒரு கைக்கு, இவ்வளவு லேசாகத் திரும்பி வருகிறதா ஒரு உயிர். அப்படியானால் என் பிள்ளை எவ்வளவு லேசாகப் போயிருக்கிறான். பள்ளிவாசலில் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது, பிறகு மஃரிபு பாங்கு. இன்னும் கொஞ்ச நேரம் என்று நான் சொன்னது பொய் இல்லை, கொஞ்ச நேரம்தான் இருந்திருக்கிறது. சுமையா என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நடுக்கம் நின்றுவிட்டது, கை அசையாமல் கிடந்தது, என்னுடைய கை, அதற்குள் வேறு யாரும் இல்லை.

"இப்ப எப்டி இருக்கு உம்மா?"

"நல்லாருக்கேன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அழுகை பீறிக்கொண்டு வந்தது, அவன் செத்த சேதி வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.